போன் பண்றோம்னு சொன்னாங்க

ஏனுங்க, அந்தப் போனை அப்படிப் பிடிக்காதீங்க. கீழ்ப்பக்கத்தை உள்ளங்கைல பொத்திப் பிடிச்சீங்கன்னா அப்புறம் எங்கிருந்து டவர் எடுக்கும்? ஏரியலே அங்கதான இருக்குது. மேல் மூலை ரெண்டையும் ரெண்டே விரல்ல, சுட்ட அப்பளத்தைத் தூக்கற மாதிரி தூக்கோணும். ஆ, அப்படித்தான். இப்பப் பாருங்க. ரெண்டு கோடு மூணாச்சா? ஆகலையா? ஆகும். சித்த நேரம் அப்படியே பிடிச்சுட்டு இருங்க.

காதுலயும் வெக்கக்கூடாதுங்க. தலை மறைச்சுக்கும். மனுசத் தலைல முக்காவாசி தண்ணி. தண்ணிக்குள்ள சிக்னல் போகாது. ஸ்பீக்கர்ல போட்டு, மூஞ்சிக்கு நேரா ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுப் பேசோணும். நான் மூணு மாசமா அப்படித்தான் பேசறேன். பக்கத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் கேக்குமேன்னு என்ற சம்சாரம் சொல்லும். கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டுங்க. நாம என்ன திருட்டுப் பேச்சா பேசறோம்?

நீங்க இந்தப் பஸ்சுல எது வரைக்குமுங்க? கொடுமுடியா? நானும் கொடுமுடிதான். சொந்த ஊரே கொடுமுடிங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒரு விசயம் கேக்கோணும். இருங்க, முன்னால இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எப்படியும் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. காங்கயத்துல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கறேன். கெணத்து மோட்டார், போர் மோட்டார், எது எரிஞ்சு வந்தாலும் பழைய கம்பியைப் பிரிச்சுப் போட்டுட்டு புதுக் கம்பி சுத்திக் குடுப்பேன். முப்பத்தோரு வருசமாச்சு. என்ற கடைக்கு ஒரு பேரு உண்டுங்க. "ரெடியானா போன் பண்றேன்"னு சொன்னா, பண்ணுவேன். ஆகலைன்னாலும் ஆகலைன்னு போன் பண்ணிச் சொல்லுவேன். இத்தனை வருசத்துல போன் பண்றேன்னு சொல்லிட்டுப் பண்ணாம விட்டதே இல்லீங்க. ஒருக்கா காய்ச்சல்ல படுத்துட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து பண்ணிருக்கறேன்.

என்ற தொழில்ல ஒரு முறை இருக்குது. மோட்டார் ஓடலைன்னு ஆரு வந்தாலும் எடுத்த உடனே கழட்ட மாட்டேன். கரண்டு வருதா, ஸ்டார்ட்டர் எடுக்குதா, காயில் நல்லாருக்குதா. வரிசையா இந்த மூணைப் பார்ப்பேன். பால்ட்டு, அதான் கோளாறு, எங்கியோ ஓரிடத்துல உக்காந்திருக்கும், நாமதான் தேடிப் போகோணும். மூணும் நல்லாருந்து மோட்டார் ஓடாம நான் பார்த்ததில்லை. ஒரே ஒருக்கா பார்த்திருக்கறேன். நத்தக்காடையூர்ல ஒரு தோட்டம். மூணும் நல்லாருக்குது, மோட்டார் ஓடல. அரை நாள் மண்டையை ஒடைச்சு, கடைசில பார்த்தா வீட்டுக்காரம்மாவே பியூசைப் பிடுங்கி முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்துது. புருசன்கூடச் சண்டையாம். அதையெல்லாம் கணக்குல சேர்த்தக்கூடாதுங்க.

போனும் அதே மாதிரிதான். டவரு, சிம்மு, செட்டு. மூணுல ஒண்ணு. இதைச் சொன்னா என்ற மச்சான் மயில்சாமி ஒத்துக்க மாட்டான். மச்சான்னா என்ற சம்சாரத்தோட தம்பி. ரோட்டுக்கு அக்கட்டால வீடு. சித்திரை மாசம் நானும் அவனும் ஒரே கடைல, ஒரே நாள்ல, ஒரே மாதிரி செட்டு வாங்குனோம். சிம்மும் ஒரே கம்பெனி. அவன் வீட்டுல நாலு கோடு காட்டும். என்ற வீட்டுல ஒண்ணு. சில நேரத்துல அதுவும் இல்லாம பெருக்கல் குறி போட்டுரும். செட்டுல பால்ட்டுன்னு நான் சொன்னேன். டவர்ல பால்ட்டுன்னு அவன் சொன்னான். "அஞ்சு ஜி வந்து நாலு ஜியைத் தின்னுருச்சு மாமா, செட்டிங்குல போயி நாலு ஜில வைங்க"ன்னான். வெச்சேன். ஒரு கோடு ஒரு கோடாத்தான் இருந்துது.

அப்ப அது பெரிசாத் தெரியலீங்க. வைகாசில பொண்ணு பார்க்க வந்தாங்க பாருங்க, அப்புறந்தான் பெரிசாச்சு.

எனக்கு ஒரே பொண்ணு. பேரு இந்துஜா. இருபத்தெட்டு நடக்குது. கண் ஆஸ்பத்திரில கண்ணு டெஸ்ட் பண்ற வேலை. ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்குது. இந்தக் கண்ணாடிகூட அது எழுதிக் குடுத்ததுதான். "தூரத்துல இருக்கறது உங்களுக்கு நல்லாத் தெரியுதுங்கப்பா, கிட்டத்துல இருக்கறதுதான் தெரியல"ன்னுச்சு. வயசானா அப்படித்தானாம்.

மாப்பிள்ளை வீடு உங்க ஊருங்க. சென்னியப்பன்னு பேரு, மாப்பிள்ளையோட அப்பா. ஆத்தங்கரைப் பக்கம் தோட்டம். தெரியுங்களா? தெரியாதா, பரவால்லைங்க. ஆறு பேரு கார்ல வந்தாங்க. நல்ல வெயில் காலம். வீட்டுக்கு வர்ற ஒறம்பரைக்கு நெழல் வேணுமேன்னு சித்திரை பொறந்ததுமே வாசல் பூராவும் புதுசாத் தகர ஷீட்டு போட்டு வெச்சிருந்தேன். கேசரி, பஜ்ஜி, காப்பி. சென்னியப்பன் கேசரி ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாருங்க. வேண்டாத எடத்துல ஆராவது ரெண்டாந் தடவை கேசரி கேப்பாங்களா? என்ற தொழிலைப் பத்தி விசாரிச்சாரு. அவரு போர் மோட்டார்ல மூணு மாசத்துக்கு ஒருக்கா காயில் போயிருதாம். "உங்களை மாதிரி ஒரு ஆளு எங்களுக்குக் கிடைக்கோணுமுங்க"ன்னாரு. இதுக்கு மேல ஒரு மனுசன் என்னங்க சொல்லோணும்?

போகையில வாசல்ல நின்னு செருப்பை மாட்டிட்டே சொன்னாரு. "வீட்டுக்குப் போயி நாலு பேரைக் கலந்துட்டு போன் பண்றோமுங்க."

நல்லாக் கவனிங்க. பார்க்கலாம்னு சொல்லல. யோசிக்கறோம்னு சொல்லல. போன் பண்றோம்னு சொன்னாரு. என்ற நெம்பரைக் கடைச் சீட்டுல நானே எழுதிக் குடுத்தேன். அவரு அதை மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வெச்சாரு. என்ற கண்ணால பார்த்தேன்.

வரலைங்க.

மூணு நாள் பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். என்ற சம்சாரம் வசந்தாமணி, "போன் பண்றோம்னு சொன்னா அதுக்கு அர்த்தம் வேறைங்க"ன்னுச்சு. என்ன வேற அர்த்தம்? தமிழ்தான பேசினாரு. இதுக்கு முன்னாலயும் மூணு எடம் வந்துட்டுப் போச்சுங்க. அவங்களும் இதையேதான் சொன்னாங்க. அவங்ககிட்ட இருந்தும் வரல. ஆனா அப்ப என்ற கைல இருந்தது பட்டன் செட்டு. பழசு, தண்ணில வேற விழுந்து எந்திரிச்சது. சரின்னு அது தலைல பழியைப் போட்டுட்டு விட்டுட்டேன். இது புது செட்டுங்க. இதுல எப்படி விடறது?

நீங்களே ஒரு போன் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. உங்களுக்குத் தெரியாததா? பொண்ணு வீட்டுக்காரன் மொதல்ல போன் பண்ணுனா, புள்ளையத் தலைல கட்டப் பார்க்கறான்னு ஆகிரும். நாமளா கூப்பிடக்கூடாது. அவங்க கூப்பிடோணும், நாம எடுக்கோணும். எடுக்கறதுக்குச் சிக்னல் இருக்கோணும். நம்ம கைல இருக்கற வேலை அது ஒண்ணுதான். அதைச் சரியாச் செய்யோணுமில்லீங்களா?

அதனால செட்டை ஒரு மஞ்சப்பைல போட்டு, மொட்டைமாடில துணிக்கொடிக்கு நடுவுல தொங்கவிட்டேன். அடியில நாற்காலி போட்டு, பகல்ல வசந்தாமணி, பொழுதோட நான். கடையை அஞ்சு மணிக்கே சாத்திட்டு வந்துருவேன். பதினோரு நாள் அப்படி உக்காந்தோம். மோட்டார் ஆச்சான்னு கேட்டுப் போன் வந்துது, கடன் வேணுமான்னு கேட்டு ஒரு பொண்ணு பேசுச்சு, ஆரோ ராங் நெம்பர் சத்தியமங்கலத்துல இருந்து. ஒவ்வொரு தடவையும் பையைக் கழட்டற அவசரத்துல கொடியோட சேர்த்து இழுத்துருவேனுங்க.

மயில்சாமி வந்து பார்த்துட்டு சிரிச்சான். அப்புறம் சிரிக்கலை. நல்லவன்தான் அவன். "செட்டை மாத்திப் பார்க்கலாம் மாமா"ன்னு அவனே சொன்னான். மூணு நாள் என்ற செட்டு அவன் வீட்டுல, அவன் செட்டு என்ற வீட்டுல. அங்க என்றது நாலு கோடு காட்டுது, இங்க அவன்றது ஒண்ணு காட்டுது. சிம்மை மாத்திப் போட்டோம். அதே கதை. அப்ப செட்டும் இல்ல, சிம்மும் இல்ல. அதுவரைக்கும் டவரு டவருன்னு கத்திட்டிருந்தவன், அன்னைக்கு வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, "ஷீட்டு மாமா. இந்தத் தகர ஷீட்டுதான் மறைக்குது"ன்னான்.

எனக்குக் கோவம் வந்துதுங்க. மாப்பிள்ளை வீட்டாருக்காகப் போட்ட ஷீட்டு, அதுவே அவங்க போனை மறைக்குமா? ரெண்டு நாள் அவன்கூட அதுக்குத் தர்க்கம் பண்ணுனேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை நானே ஏணி போட்டு ஏறிப் பிரிச்சேன். ஆளு வெக்கல. அக்கினி வெயில் முடிஞ்சும் அன்னைக்கு அப்படி ஒரு வெயில். புள்ள மோர் கொண்டாந்து குடுத்துட்டு ஏணிக்குக் கீழயே நின்னுச்சு. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்"னுச்சு. அதை அப்புறம் சொல்லு சாமி, மொதல்ல வீட்டுக்குள்ள போயி எத்தனை கோடுன்னு பாருன்னேன். போச்சு. உள்ள இருந்து, "நாலு கோடுங்கப்பா"ன்னு கத்துச்சு. எனக்கு ஏணில நின்ன மேனிக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. நாலு கோடு! மயில்சாமிக்கும் சந்தோசம். அவன் சொன்னதுதான் சரியாப் போச்சுன்னு தெருவுக்கே சொன்னான். சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்.

அன்னைக்கும் போன் வரல.

இந்தச் சிக்னல் விசயத்துல என்ற புள்ள பட்ட பாட்டைச் சொல்லாம விடக்கூடாதுங்க. அதுக்குப் பொறுமை அப்படியே என்ற அம்மா வழி. நான் மொட்டைமாடில சாக்பீசுல வட்டம் போட்டு, எந்தெந்த எடத்துல எத்தனை கோடுன்னு எழுதி வெச்சேன். படிக்கட்டுப் பக்கம் நாலு, நடுவுல மூணு, தண்ணி டேங்குக்குப் பின்னால ரெண்டு. தெனமும் பொழுதோட வேலை முடிஞ்சு வந்து மூஞ்சி கழுவுன உடனே புள்ள மேல போயிரும். ஒரு மணி நேரம் டெஸ்ட் பண்ணும். அதுவும் எங்க நின்னு? நாலு கோடு இருக்கற எடத்துல நிக்காது. டேங்குக்குப் பின்னால, ரெண்டு கோடு எடத்துலதான் நிக்கும். கஷ்டமான எடத்துல பேச்சு தெளிவா இருந்தாத்தானுங்கப்பா செட்டு நல்ல செட்டுன்னுச்சு. எனக்கே தோணலை பாருங்க.

ஆருகிட்டப் பேசறே சாமின்னு ஒருக்கா கேட்டேன். "ஆஸ்பத்திரில கூட வேலை செய்யறவங்ககிட்ட. ஒரே நெம்பருக்குப் பேசுனாத்தானுங்க வித்தியாசம் தெரியும்"னுச்சு. அதுவும் சரிதான். மீட்டரை மாத்தி மாத்தி வெச்சா ரீடிங்கு எப்படி ஒத்து வரும்? ஒரு நாள் அழுத மூஞ்சியோட எறங்கி வந்துச்சுங்க. என்ன சாமின்னேன். "சிக்னலே சரியில்லீங்கப்பா"ன்னுச்சு. சிக்னலுக்குப் போயி அழற புள்ளையப் பார்த்திருக்கீங்களா? அப்பனுக்கு ஒரு வேலை ஆகோணும்னு அத்தனை அக்கறை.

அப்புறம் புகார் குடுத்தேன். போன் கம்பெனில இருந்து ஒருத்தரு பையை மாட்டிட்டு வந்தாரு. சின்ன வயசு, மரியாதையான ஆளு. கைல ஒரு மிசின் வெச்சு வாசல், உள்ளறை, சமையல் ரூம்பு, மாடி எல்லாம் நடந்து பார்த்துட்டு, "சார், உங்க வீட்டுல சிக்னல் பிரமாதமா இருக்குது"ன்னாரு. அப்ப ஏன் போன் வரலைன்னு கேட்டேன். எந்தப் போனுன்னு கேட்டாரு. உக்கார வெச்சு, உங்களுக்குச் சொன்னேன் பாருங்க, இதே மாதிரி கேசரில இருந்து சொன்னேன். அவரு காப்பியைக் குடிச்சுட்டு வசந்தாமணியைப் பார்த்தாரு. வசந்தாமணி தரையைப் பார்த்துச்சு. பை எடுத்து மாட்டிட்டு, "ஆபீசுல கேட்டுட்டு நான் உங்களுக்குப் போன் பண்றேன் சார்"னாரு.

அவரும் பண்ணலைங்க. பாருங்க, சிக்னல்காரருக்கே லைன் கிடைக்கலை.

நடுவுல ஆடி வந்துருச்சு. ஆடில ஆரும் கல்யாணப் பேச்சு பேச மாட்டாங்க, அது எனக்கும் தெரியும். அதனால ஆடில நான் ஒண்ணும் எதிர்பார்க்கலை. ஆடிப் பதினெட்டுக்கு மயில்சாமி குடும்பத்தோட எங்க வீட்டுல சாப்பாடு. எலைல உக்காந்திருக்கறோம். போன் பக்கத்துலயே இருக்குது. நாலு கோடு. நான் சும்மா ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதானுங்க. மயில்சாமி கையை எலைல இருந்து எடுத்துட்டான்.

"மாமா, டவரும் நல்லாருக்குது. சிம்மும் நல்லாருக்குது. செட்டும் நல்லாருக்குது. அவங்களுக்கு நம்ம புள்ள வேண்டாம். அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாளா நானும் உங்ககூட டவரு, ஷீட்டுன்னு பேசிட்டுத் திரியறேன்."

புள்ளைய வெச்சுட்டுச் சொல்றானுங்க. சோறு பரிமாறிட்டிருந்த புள்ள, கரண்டியை வெச்சுட்டு மாடிக்குப் போயிருச்சு. நான் அவனை எந்திரிச்சுப் போடான்னேன். எலைல உக்காந்தவனை எழுப்புன பாவம் எனக்கு. இன்னைக்கு வரைக்கும் பேச்சு இல்லை. ரோட்டுக்கு அக்கட்ட அவன், இக்கட்ட நானு. அவன் வண்டிச் சத்தம் கேட்டா நான் உள்ள போயிருவேன்.

வேண்டாம்னு சொல்றதுக்கு என்னங்க குறை என்ற புள்ளைகிட்ட? சொல்லுங்க. படிச்சிருக்குது, சம்பாதிக்குது. ஒருத்தரைக் கடிஞ்சு பேசாது. நாலு எடம் வந்து பார்த்துட்டு, நாலு பேரும் வேண்டாம்னு போனா, அந்தப் புள்ள மனசு என்ன ஆகும்? ராத்திரி சோறு எறங்குமா அதுக்கு? எனக்கு அதை நெனச்சா நெஞ்சை அடைக்குதுங்க. அதுக்குச் சிக்னல்ல கோளாறுன்னா பரவால்லைன்னு இருக்குது. அதைச் சரி பண்ணிரலாம்.

சரி, விசயத்துக்கு வரேன். ஆவணி பொறந்து பன்னண்டு நாளாச்சு. இன்னும் வரல. நான் உக்காந்து முறையா யோசிச்சேன். எங்க பக்கம் டவரு நல்லாருக்குதுன்னு மிசின் சொல்லிருச்சு. எல்லார் போனும் வருது, கொடுமுடிப் போன் மட்டும் வரல. அப்ப பால்ட்டு எங்க? கொடுமுடில. அவங்க செட்டுலயோ, அவங்க ஊரு டவர்லயோ. பாவம், அந்த மனுசன் அங்க உக்காந்து தெனமும் அடிச்சுட்டு இருக்கறாரோ என்னமோ. காங்கயத்துக்காரன் போனே எடுக்க மாட்டேங்கறான், திமிர் பிடிச்சவன்னு நெனச்சிருந்தாருன்னா?

அதான் கெளம்பிட்டேன். போன் பண்ணாத்தான தப்பு? நான் மோட்டார் பார்க்கப் போறேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா காயில் போகுதுன்னாருல்ல, கணக்குப் பார்த்தா இந்நேரம் போயிருக்கோணும். இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு வந்தேனுங்கன்னு சொல்லுவேன். இதா, டூல்ஸ் பை. மேல இருக்கறது மைசூர்பாகு, அமுக்கிராதீங்க. வீட்டுல வெள்ளகோயில்ல ஒரு வேலைன்னு சொல்லிட்டு வந்தேன். போய் மோட்டாரைப் பார்த்துட்டு, பேச்சோட பேச்சா அவரு செட்டை வாங்கி எத்தனை கோடுன்னு பார்த்துட்டா முடிஞ்சுது.

நான் கேக்கோணும்னு சொன்னது இதுதானுங்க. உங்க ஊர்ல சிக்னல் எப்படி?

நல்லாருக்குதுங்களா.

ஆத்தங்கரைப் பக்கம்? அங்கயுமா?

தோட்டத்துக்குள்ள, தென்னை மறைக்காதுங்களா? மறைக்காதா. சரிங்க. நீங்க பொய் சொல்லுவீங்களா என்ன.

இருங்க, போன் அடிக்குது. புள்ளதான். பாருங்க எப்படிப் பிடிக்கறேன்னு, ரெண்டே விரல்ல. டிரைவரண்ணா, பாட்டைச் சித்த கொறைங்களேன், புள்ள பேசுது. ஆங், நிறுத்தியே போட்டீங்களா, நன்றிங்க. சொல்லு சாமி.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

பஸ்சுல இருக்கறேன். பேசு, நல்லாக் கேக்குது. நாலு கோடு.

"டூல்ஸ் பையோட மைசூர்பாகும் வாங்கிட்டுப் போனீங்கன்னு கடைல சொன்னாங்க. கொடுமுடிக்குப் போறீங்களா?"

இல்ல சாமி, வெள்ளகோயில்... ஆமா. கொடுமுடிக்குத்தான். ஒரு மோட்டாரு.

"போகாதீங்கப்பா. அவங்க போன் பண்ண மாட்டாங்க. அவங்க வந்துட்டுப் போன அன்னைக்குப் பொழுதோடயே அந்தப் பையனுக்கு நான் போன் பண்ணிட்டேன். எனக்கு இஷ்டமில்லை, நீங்களே பேச்சை விட்டுருங்கன்னு. எங்கப்பாகிட்டக் காரணம் சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அதுக்கு முன்னால வந்த மூணு பேர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். கேக்குதுங்களா?"

கேக்குது.

"நான் மாடில டெஸ்ட் எல்லாம் பண்ணலைங்கப்பா. மூணு வருசமா ஒருத்தர்கிட்டத்தான் பேசிட்டிருக்கேன். எங்க ஆஸ்பத்திரி மருந்துக்கடையைப் பார்த்துக்கறாரு. பேரு இளமாறன். அவங்க நம்ம சனம் இல்லீங்கப்பா. அதான் சொல்றதுக்குப் பயமா இருந்துது. ஷீட்டைப் பிரிச்சீங்களே, அன்னைக்கே சொல்லிரலாம்னுதான் மோர் எடுத்துட்டு வந்தேன். உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு முடியலைங்கப்பா. அங்க போயி அவங்க முன்னால கையைக் கட்டிட்டு நிக்காதீங்க. என்னால தாங்க முடியாது. அப்பா? இருக்கீங்களா?"

சாமி... கேக்கலை சாமி. சிக்னல் போயிருச்சு. ஒண்ணும் கேக்கலை. நான், நான் போன் பண்றேன்.

வெச்சுட்டேன்.

டிரைவரண்ணா, பாட்டைப் போட்டுக்கங்க. பேசியாச்சு.

நீங்க செட்டைப் பார்க்கறது தெரியுதுங்க. நாலு கோடும் இருக்குது. எனக்கே தெரியுது, கண்ணாடி போட்டிருக்கறேன் இல்ல. நாலும் இருக்கறப்பத்தான் இல்லைன்னு சொன்னேன். எப்படி வாய்ல வந்துதுன்னு தெரியல. அந்தச் சென்னியப்பன் அன்னைக்குச் செருப்பை மாட்டையில என்ற மூஞ்சியவே பார்க்கலைங்க. இப்பத்தான் அது ஞாபகம் வருது. அவரு கெளம்பையில புள்ள இன்னும் போன் பண்ணியிருக்காது. அவருக்கே வேண்டாம்னு அப்படிச் சொன்னாரோ, வழக்கத்துக்குச் சொன்னாரோ. அதெல்லாம் இனி எதுக்கு.

பியூசு வீட்டுக்குள்ளதான் இருந்திருக்குதுங்க. நான் தெரு, டவரு, கொடுமுடின்னு தேடிருக்கறேன்.

பஸ்சுல பாதிப் பேரு எங்க பக்கத்து ஆளுங்க. அந்தச் சன்னலோரம் தலையைத் திருப்பிட்டாரே, அவரு என்ற கடைக்கு வர்றவரு. விடிஞ்சாக் காங்கயத்துக்கே தெரியும். நானே ஸ்பீக்கர்ல போட்டு, நானே பாட்டை நிறுத்தச் சொல்லி, ஊரைக் கூட்டிக் கேக்க வெச்சிருக்கறேன். சனம் என்ன பேசும்னு உங்களுக்கும் தெரியும். என்ற பங்காளிங்க வந்து வாசல்ல நிப்பாங்க. மறைச்சு என்ன, பயமாத்தான் இருக்குதுங்க.

ஆனா ஒண்ணுங்க. நாலு பேரும் புள்ளைய வேண்டாம்னு சொல்லலை. புள்ளதான் வேண்டாம்னு சொல்லிருக்குது. மூணு மாசமா நெஞ்சுல அடைச்சுட்டிருந்தது அது. அது இப்ப இல்லீங்க. வேற என்னமோ வந்து உக்காந்திருக்குது, ஆனா அது இல்லை.

மோர் எடுத்துட்டு வந்து ஏணிக்குக் கீழ நின்னுச்சுன்னு சொன்னேனில்ல. எத்தனை கோடுன்னு பார்த்துட்டு வான்னு நான்தான் அனுப்பிட்டேன்.

முத்தூர் தாண்டியாச்சுங்களா? கண்டக்டர், அடுத்தது எது, வாய்க்கா மேடா? அங்க நிறுத்துங்க, எறங்கிக்கறேன். இல்லைங்க, கொடுமுடிக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன். பரவால்லைங்க. இங்க சிக்னல் நல்லாருக்குது.

அந்தப் பையைச் சித்த எடுத்துக் குடுங்க. மைசூர்பாகு உங்களுக்கு வேண்டாமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன். மயில்சாமிக்கு ரொம்பப் பிடிக்கும்.

என்ன பேசப் போறேன்னு கேக்கறீங்களா? தெரியலைங்க. பேரு என்ன சொல்லுச்சு, இளமாறன் தானுங்களே? சரியாத்தான் கேட்டிருக்கறேன். என்ன பேசறதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல. ஆனா போன் பண்றேன்னு சொல்லிட்டேனுங்க. சொன்னா பண்ணோணும்.